கைதட்டி வரவேற்ற இருட்டு

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர் வாய் திறந்தால், மேல்தளத்தில் பூசிக்கொண்டிருப்பவர் கரண்டியைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார். அதனால்தான் கலவைக் குழுவின் தலைவியை எல்லோரும் மைக் அக்கா என்றழைத்தார்கள். உண்மையான ஒலிபெருக்கி ஒன்றை ஒருமுறை அங்கே கொண்டுவந்து வைத்தபோது, அவர் பேசக் கேட்டு அது வெட்கத்தில் பழுதாகிப்போனது என்றொரு பேச்சும் உண்டு.

வாசலில் ஒரு பலகை. கட்டட வேலையில் மின்சாரத்தைக் கையாளச் சட்டம் யார் யார் தலைமேல் என்னென்ன கடமையை ஏற்றியிருக்கிறது என்று, தொழிலாளரின் மொழியில், தொழிலாளரின் கண்ணுக்கு நேரான உயரத்தில் எழுதி மாட்டிய பலகை. அது தானாக அங்கே முளைக்கவில்லை. மைக் அக்கா கேட்டார், மறுத்தார்கள். மீண்டும் கேட்டார், சிரித்தார்கள். அடுத்த முறை அவர் கேட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது, பலகை வந்தது. ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும், எழுத்தறியாத தோழர்களுக்காக அவரே அதை உரக்கப் படிப்பார்.

மேல்பாதி, வேலை கொடுப்பவரின் கடமைகள். "கசிவு வந்தால் தானே விழும் டிரிப் சுவிட்ச் இல்லாமல் மின்சாரம் தரக் கூடாது! வேலை தொடங்குமுன் அதைச் சோதிக்காமல் இருக்கக் கூடாது! தகுதியுள்ள மின்பணியாளர் இல்லாத நேரத்தில் இயந்திரம் ஓட்டக் கூடாது!" ஒவ்வொரு "கூடாது"க்கும் சாரத்தின் குழாய்கள் அதிரும், ஒப்பந்தக்காரரின் தலை ஒரு விரற்கடை தாழும்.

கீழ்ப்பாதி, வேலை செய்பவரின் கடமைகள். அங்கே வந்ததும் மைக் அக்காவுக்கு இருமல் வந்துவிடும். குரல் தேய்ந்து, தேய்ந்து, "மீதியெல்லாம் உங்களுக்கே தெரியும், போங்க போங்க, வேலை கெடக்கு" என்று முடிந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் அவர் போட்டதுதான். பலகையில் உள்ள ஒன்றை மீறியவர், யாராயினும், மணல்மேட்டின் உச்சியில் ஏறி நின்று, என்ன செய்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். தண்டனை கிடையாது, வசவு கிடையாது. சொல்லி முடித்தால் கைதட்டு உண்டு. முதன்முதலில் ஏறியவர் யார் தெரியுமா? ஒப்பந்தக்காரர்தான்! பிளக் கிடைக்கவில்லை என்று, தோலுரித்த ஒயர் முனைகளைச் சாக்கெட்டின் துளையில் செருகித் தீக்குச்சியால் இறுக்கி, தன் அறையில் மின்விசிறி ஓட்டியவர் அவர். மணலில் ஒரு கால் புதைய, மறுகால் வழுக்க, தீக்குச்சியைக் கையில் பிடித்தபடி அவர் நின்ற கோலத்தை அந்தக் கட்டடத்தின் செங்கல்கூட மறக்காது. கைதட்டு மட்டும் குறையவில்லை.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், கதை நடந்த நாளில் அந்த மணல்மேடு யாரைச் சுமக்கப்போகிறது என்பதை அதில் ஏறப்போகிறவரே அறிந்திருக்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் மின்பணியாளர் ஒரு பெண். சட்டைப்பையில் பேனா குத்துவோர் உலகத்தில் டெஸ்டரைக் குத்திக்கொண்டு திரிபவள். ஆகவே பெயரே டெஸ்டர். அவளுக்கும், தளத்துக்குக் கம்பி கட்டும் குழுவில் இருந்த இளைஞனுக்கும் மறுநாள் காலை திருமணம். அவனை அவள் அழைக்கும் பெயர் கம்பி. இருவரும் நாள் பார்க்கவில்லை, கோள் பார்க்கவில்லை; பதிவு அலுவலகம் எப்போது திறக்கும் என்று மட்டும் பார்த்தார்கள். "மொத மொத என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா?" என்று அவன் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வான். "'போர்டு மேல சாயாதே, செத்துப்போவே'ன்னா. என் உசிரு மேல இவ்வளவு அக்கறையா வேற யாருமே பேசினதில்லப்பா!"

மைக் அக்காவின் குழுவுக்குச் சும்மா இருக்க முடியுமா? திருமணத்துக்கு முந்தின நாள், வேலை முடிந்து அந்தி சாயும்போது, கட்டடத்தின் முகப்பெல்லாம் வண்ண விளக்குச் சரங்கள் மின்ன, அந்த இருவரையும் வாழ்த்தி அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மாப்பிள்ளைக்கும் தெரியக் கூடாது, பெண்ணுக்கும் தெரியக் கூடாது. அதற்கும் முந்தின மாலை, டெஸ்டர் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவிட்டு மணப்புடவை எடுக்கக் கடைத்தெருவுக்குப் போன சமயம், மேலே ஏறும் பெரிய கேபிளின் நடுவில் தோலைச் சீவி, சரத்தை அதில் முறுக்கிச் சேர்த்தார்கள். சேர்த்தவர் பிளம்பர்.

"உனக்கு இந்த வேலை தெரியுமாடா?" என்று மைக் அக்கா அவரைக் கேட்காமல் இல்லை.

"தண்ணி ஓடுற குழாயும் கரண்டு ஓடுற ஒயரும் ஒண்ணுதான்க்கா. ஒழுகாம கட்டணும், அவ்வளவுதான்."

கட்டினார். எதனால் கட்டினார்? அங்கேதான் அந்தத் தொழிலின் கைப்பழக்கம் தலைகாட்டியது. கட்டட வேலைக்காரர் சாரத்தைக் கட்டுக்கம்பியால் கட்டுவார். பலகையைக் கட்டுக்கம்பியால் கட்டுவார். கிழிந்த செருப்பையும் உடைந்த கண்ணாடிச் சட்டத்தையும் கட்டுக்கம்பியால் கட்டுவார். பிளம்பர் அந்த இணைப்பின்மேல் சிமென்ட் சாக்கின் நெகிழித் துண்டைச் சுற்றி, சாரத்தின் இரும்புக் குழாயோடு சேர்த்து, கட்டுக்கம்பி போட்டு, கொக்கியால் முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். அந்தக் கட்டுக்கம்பியையும் மாப்பிள்ளையின் சுருளிலிருந்தே, "சாக்கு கட்டணும்" என்று சொல்லி வாங்கியிருந்தார்கள். சாரத்தைப் போர்த்தியிருந்த பச்சை வலை அதை மூடிக்கொண்டது. இரகசியம் காப்பாற்றப்பட்டது.

பொழுது விடிந்தது; அன்று காலை தளம் ஊற்ற வேண்டும். கலவை லாரி கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. கம்பிகள் கட்டி முடிந்து, தளமெங்கும் இரும்புக் கூடாக விரிந்து கிடந்தன. டெஸ்டர் வழக்கம்போல் டிரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். டக்கென்று விழுந்தது. நிமிர்த்தினாள். "ஓட்டுங்க!" என்றாள்.

கான்கிரீட்டைக் குலுக்கிப் படியவைக்கும் வைப்ரேட்டரை ஓட்டினார்கள். ம்ம் என்று ஒரு முனகல். டக்! சுவிட்ச் விழுந்தது.

வேறு வைப்ரேட்டர். டக்!

"கண்ணு பட்டுடுச்சு," என்றார் ஒப்பந்தக்காரர்.

"கண்ணு படல சார், கரண்டு படுது. எங்கயோ எர்த்தைத் தொடுது. எங்கன்னு பாக்கணும்."

இயந்திரங்களைக் கழற்றினாள், கசிவை அளக்கும் கருவியை மாட்டினாள், பார்த்தாள். இயந்திரங்களில் குற்றமில்லை. கீழேயிருந்து மேலே ஏறும் பெரிய கேபிளில்தான் கசிவு. அதுவோ சாரத்தினூடே, வலைக்குப் பின்னால், தளம் தளமாக வளைந்து ஏறுகிறது.

"வேற கேபிள் இல்லையா?"

"இவ்வளவு நீளத்துக்கு இல்ல சார். இதைத்தான் அடியிலேர்ந்து நுனி வரைக்கும் தடவித் தடவிப் பாக்கணும். பொழுது சாஞ்சிடும். லாரியைத் திருப்பிவிடுங்க. தளத்தை நாளைக்கு ஊத்திக்கலாம்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் நெஞ்சிலேயே வந்து விழுந்தது. நாளைக்கு! தளம் ஊற்றும் நாளில் மின்பணியாளர் இடத்தை விட்டு அகலக் கூடாது. பதிலுக்கு நிற்க வேறு ஆளும் கிடையாது. பதிவு அலுவலகத்தில் இன்னொரு தேதி அடுத்த மாதம்தான். கம்பியின் அம்மாவோ, தூரத்து மருத்துவமனையொன்றில் துப்புரவுப் பணி செய்பவர், கெஞ்சிப் பெற்ற ஒரே ஒரு நாள் விடுப்போடு இந்நேரம் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார்.

தளத்திலிருந்து இறங்கி வந்த கம்பி அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

ஒப்பந்தக்காரர் கெட்டவர் அல்லர், அவசரக்காரர். குரலைத் தாழ்த்தினார். "இந்தாம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. டிரிப் சுவிட்சை ஒதுக்கிட்டு நேரா இணைப்புக் கொடுத்துடு. இன்னிக்கு மட்டும். தளமும் முடியும், உன் கல்யாணமும் நடக்கும். ரெண்டு பேருக்கும் நல்லது."

டெஸ்டர் நிமிர்ந்தாள். "மேல கெடக்கிறது ஒரே இரும்புக் கூடு சார். ஒரு மூலையில தொட்டா எல்லா மூலையும் தொட்டதுதான். ஈரக் கலவைக்குள்ள முழங்கால் வரைக்கும் நிக்கப்போறது அக்காவோட ஆளுங்க. அவங்களோட நிக்கப்போறது," கம்பியைக் காட்டினாள், "இதோ, இவன். இவனைக் கட்டிக்கிறதுக்காக இவனையே கொல்லச் சொல்றீங்களா?"

"அவ சொல்றது சரி சார்," என்றான் கம்பி. "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். ரயில்லேர்ந்து எறங்கி, மருமகளைப் பாத்துட்டுப் போகட்டும்." சிரிக்க முயன்றான். சிரிப்பு பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது.

சட்டம் காகிதத்தில் படுத்திருக்கும்போது அதற்குக் கைதட்டுவது எளிது. அது எழுந்து வந்து உன் திருமண நாளைக் கேட்கும்போது, "எடுத்துக்கொள்" என்று கொடுக்கிறாயே, அங்கேதான் அது சட்டமாகிறது! அந்தப் பெண் கொடுத்தாள். அழுகையை விழுங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்: "யாராச்சும், எங்கயாச்சும், எதையாச்சும் இந்த கேபிள்ல மாட்டியிருக்கீங்களா? தெரிஞ்சா சொல்லுங்க."

கூட்டம் தன் கால்விரல்களைப் பார்த்தது.

பிளம்பர் மைக் அக்காவின் காதருகே குனிந்தார். "அக்கா, நம்ம விளக்கு..."

"அணைச்சுத்தானேடா வச்சிருக்கோம்?"

"ஆமா. சுவிட்ச் ஆஃப்லதான் இருக்கு."

"அப்புறம் என்ன? எரியாத விளக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

ஆனாலும் பிளம்பருக்கு மனம் பொறுக்கவில்லை. பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்: "ஏம்மா டெஸ்டரு, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஏதோ ஒண்ணை மாட்டியிருந்தாலும், சுவிட்சை அணைச்சு வச்சிருந்தா ஒண்ணும் ஆகாதில்ல?"

"யாரு சொன்னா? சுவிட்ச் ஒரு ஒயரைத்தான் வெட்டும். இன்னொண்ணு எப்பவும் இணைஞ்சேதான் இருக்கும். அது போயி ஒரு இரும்பைத் தொட்டா, வெளிச்சம் வராது. ஆனா மேல மெஷின் ஓடின உடனே டிரிப் சுவிட்ச் விழும். இப்ப விழுதே, அதுமாதிரி."

மைக் அக்காவின் கண்முன் நேற்றைய மாலை வந்து நின்றது. இரும்பு. கட்டுக்கம்பி. கொக்கியின் முறுக்கு முறுக்கு. அவருடைய வாழ்நாளில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அருகில் நின்றவர்கள் அந்த மௌனத்தைக் கேட்டுத் திடுக்கிட்டார்கள்.

"அக்கா," பிளம்பர் கெஞ்சினார், "யாருக்கும் தெரியாம நான் மேல போயி அதைப் பிச்சு எறிஞ்சுட்டு வந்துடறேன். இந்த கான்ட்ராக்டர் முன்னாடி நீங்க தலை குனியக் கூடாதுக்கா."

ஒரு கணம்! மனிதர்களின் பெருமை சிறுமையெல்லாம் தீர்மானமாகும் அந்த ஒரு கணம் மைக் அக்காவுக்கும் வந்தது. பிய்த்து எறியலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் தோல் சீவிய கேபிள் அங்கேயே பல்லிளித்துக்கொண்டு நிற்குமே! நாளை எவன் கை அதில் படும்?

"தெரியாமச் செஞ்சதுக்குத்தான்டா இந்தப் பாடு," என்றார். "இனிமே எல்லாருக்கும் தெரியவே செய்வோம்."

நேராக வாசலுக்கு நடந்தார். பலகையை ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். திரும்பி வந்தார். மணல்மேட்டில் ஏறத் தொடங்கினார்.

வெளியே கலவை லாரியின் ஹாரன் அலறியது. அதைவிடப் பெரிதாக அலறினார் மைக் அக்கா.

"தோழர்களே! கான்ட்ராக்டரே! என் தங்கச்சி டெஸ்டரே! வாராவாரம் இந்தப் பலகையைப் படிக்கிறேன்னு பெருமையடிச்சேனே, பாதியைத்தான் படிச்சேன்! அவங்க கடமைன்னா தொண்டை கிழியக் கத்தினேன். நம்ம கடமை வந்ததும் இருமினேன். இருமல் இல்லீங்க, திருட்டு! இப்பப் படிக்கிறேன், கேட்டுக்குங்க. 'தகுதியில்லாத எவரும் மின் இணைப்பில் கை வைக்கக் கூடாது!' வச்சோம். வைக்கச் சொன்னவ நான். 'பழுது என்று அறிந்ததை மறைக்கக் கூடாது!' மறைச்சேன். இந்தப் பாதி நம்மளைத் திட்ட எழுதினது இல்ல. நம்ம கையால நம்ம ஆளு சாகக் கூடாதுன்னு எழுதினது. அவங்க பாதி ஒரு கை, நம்ம பாதி ஒரு கை. ஒத்தைக் கையால தட்டிக்கிட்டு இருந்தேன் இத்தனை நாளா! மூணாவது தளத்துல, வலைக்குப் பின்னால, ஒரு விளக்குச் சரம் மாட்டியிருக்கோம். கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருக்கோம்."

"விளக்கா?" டெஸ்டர் விழித்தாள். "எதுக்கு விளக்கு?"

அந்தப் பெரிய குரல் அங்கேதான் உடைந்தது. "உனக்குத்தான்டி. உங்க ரெண்டு பேருக்கும்தான். சாயங்காலம் பொட்டுனு போட்டுக்காட்டலாம்னு..."

கூட்டத்திலிருந்து கம்பியின் குரல் கேட்டது: "சாக்கு கட்டணும்னு சொல்லி வாங்கிட்டுப் போனது என் கட்டுக்கம்பிதானா? என் கல்யாணத்தை நிறுத்த என் கம்பியையே வாங்கினீங்களா?"

டெஸ்டர் சிரித்துவிட்டாள். அடக்கி வைத்த அழுகையெல்லாம் சிரிப்பாக மாறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். முதல் கைதட்டு ஒப்பந்தக்காரருடையது. "வாங்கக்கா, வாங்க! அந்த மேட்டுல நான் மட்டும் தனியா நின்னுட்டேனேன்னு இருந்தேன். இப்பத் துணை கெடைச்சுது!" என்று அவர் தட்டத் தட்ட, மொத்தக் கட்டடமும் தட்டியது. பிளம்பரும் தாமாகவே மேட்டில் ஏறி, "முறுக்கினது நான்தான்!" என்று கூவி, தமக்குரிய பங்கை வாங்கிக்கொண்டார்.

"சிரிச்சது போதும்," என்றாள் டெஸ்டர். "அக்கா, உங்களை அப்புறம் வச்சுத் திட்டறேன். லாரிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க, உங்க குரல்லயே சொல்லுங்க."

மின்சாரத்தை நிறுத்தி, பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். இடுப்புப் பட்டையை மாட்டிச் சாரத்தில் ஏறினாள். வலையை விலக்கினாள். இருந்தது: கட்டுக்கம்பி நெகிழியை அறுத்து, ஒயரின் செம்பைக் கவ்விக்கொண்டு, இரும்புக் குழாயோடு கொஞ்சிக் குலாவிக்கொண்டிருந்தது. அறுத்து எறிந்தாள். சீவிய இடத்தை வெட்டி நீக்கி, தண்ணீர் புகாத இணைப்புப் பெட்டி போட்டு முறையாகச் சேர்த்தாள். இறங்கி வந்தாள், அளந்தாள், கசிவு இல்லை. பொத்தானை அழுத்தினாள், டக்கென்று விழுந்தது. நிமிர்த்தினாள்.

வைப்ரேட்டர் முனகியது. முனகிக்கொண்டே இருந்தது. ம்ம்ம் என்று, ரீங்காரமாய், நிற்காமல். அன்றைக்கு அந்த இயந்திரத்தின் குரலைவிட இனிய குரல் வேறெதுவும் அங்கே இருந்திருக்க முடியாது. மைக் அக்காவே அப்படித்தான் சொன்னார். கலவை இறங்கியது. சட்டிகள் பறந்தன. "ஏய் கம்பி, ஒதுங்குப்பா, கான்கிரீட்ல மாப்பிள்ளையைப் பொதைச்சுட்டா பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?" என்று தளமெங்கும் கேலி தெறித்தது. வெயில் சாய்வதற்குள் தளம் பளபளவென்று ஈரமாய் விரிந்தது. திருமணம் பிழைத்தது.

அந்தியில் கம்பியின் அம்மா பெட்டியோடு நேரே கட்டடத்துக்கே வந்து சேர்ந்தார். வந்தவர் கண்ட முதல் காட்சி, அவருடைய வருங்கால மருமகள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, விளக்குச் சரத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, விரிசல் கண்ட துண்டுகளை ஈவிரக்கமின்றி வெட்டி வீசிக்கொண்டிருந்ததுதான்.

"என்னடா இது, கல்யாணப் பொண்ணு கையில கத்தரிக்கோலு?"

"உங்க மருமக விளக்குக்குப் பரீட்சை வைக்கிறாம்மா. பாதிக்கு மேல ஃபெயிலு."

தேறிய விளக்குகள் முகப்பு முழுவதற்கும் போதவில்லை. மணல்மேட்டைச் சுற்றி வரத்தான் போதின. இரும்புக் குழாய் வேண்டாம் என்று உலர்ந்த மரக்கால்கள் நட்டு, கட்டுக்கம்பியைக் கண்ணிலேயே காட்டாமல், நூல்கயிற்றால் கட்டினார்கள். நேரே மின்பலகையிலிருந்து, டிரிப் சுவிட்சின் வழியாக, பிளக் போட்டு இணைப்பு. தீக்குச்சி இல்லை என்பதை ஒப்பந்தக்காரர் பெருமையோடு எல்லோருக்கும் காட்டினார்.

மணமக்கள் இருவரும் மேட்டில் ஏறினார்கள். விளக்குகள் எரிந்தன. சிவப்பும் நீலமும் மஞ்சளும் மணலில் வழிந்தன. "ஆகா" என்று கூட்டம் வாய் பிளந்த அந்த வேளையில், டெஸ்டர் கையை உயர்த்தினாள்.

"இருங்க. இன்னும் ஒரு வேலை பாக்கி." கீழே மின்பலகையருகே நின்ற மைக் அக்காவைப் பார்த்தாள். "அக்கா, டிரிப் சுவிட்சோட டெஸ்ட் பொத்தானை அழுத்துங்க."

"நானா? எனக்குத் தகுதி இல்லையேடி!"

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அழுத்துங்க."

மைக் அக்கா அழுத்தினார். டக்! விளக்குகள் அனைத்தும் ஒரே மூச்சில் அணைந்தன. மணல்மேடு இருண்டது.

அந்த இருட்டுக்குக் கட்டடமே கைதட்டியது.

"கரண்டு போயிடுச்சுன்னு யாராச்சும் கைதட்டுவாங்களாடா?" கம்பியின் அம்மா மகனிடம் கேட்டார். "இவங்கல்லாம் யாருடா?"

"இனிமே நம்ம சொந்தக்காரங்கம்மா," என்றான் அவன்.

"வேலை செய்யுது!" என்று இருட்டுக்குள்ளிருந்து மைக் அக்காவின் குரல் முழங்கியது. "தங்கச்சி, போட்டுடட்டுமா?"

"போடுங்க!"